ஹாலோவீன் முற்றத்து வண்ண விளக்குகள்: கோளாறு வாரியாகச் சரிசெய்யும் வழி

முன்புல்வெளியில் எலும்புக்கூடும் கல்லறைப் பலகையும் நட்டு, வண்ண விளக்கும் போட்டாயிற்று. தெருவில் நின்று பார்த்தால் கடையில் பார்த்த மாதிரி இல்லை. உடனே அடுத்த விளக்கு வாங்கக் கிளம்பாதீர்கள். அமெரிக்க, கனடிய வீட்டு முற்றங்களில் வரும் இந்தக் கோளாறுகளில் பாதிக்கு மேல், ஏற்கனவே எரியும் ஒரு விளக்கை அணைத்தாலோ நாலடி நகர்த்தினாலோ தீர்ந்துவிடும். காசு செலவு கடைசிப் படி.

எந்தக் கோளாறானாலும் முதல் வேலை ஒன்றுதான். நன்றாக இருட்டியபின் நடைபாதை ஓரத்தில், ஹாலோவீன் இரவில் மிட்டாய் கேட்டுப் பிள்ளைகள் வந்து நிற்கும் இடத்தில் நின்று பாருங்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். வாசற்படியில் நின்று பார்த்து முடிவெடுப்பவர்கள் எல்லாரும் தப்பான விளக்கைத்தான் மாற்றுகிறார்கள்.

## நிறம் வெளுத்துத் தெரிகிறது

நேரம் சரியா? அக்டோபர் 31 அன்று சிகாகோவில் சூரியன் மறைவது மாலை 5:45-ஐ ஒட்டி, டல்லஸில் 6:35-ஐ ஒட்டி. அதன்பிறகும் அரை மணி நேரம் வானம் வெளிறியே இருக்கும். 2007 முதல், கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைக்கும் கோடைகால நேரம் நவம்பர் முதல் ஞாயிறு வரை நீள்வதால், முன்பு இருந்ததைவிடக் கடிகாரப்படி ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் இருட்டுகிறது. சின்னப் பிள்ளைகள் வரும் முதல் சுற்று இந்த வெளிறிய வானத்தின்கீழேயே முடிந்துவிடும். அந்த நேரத்துக்கு எத்தனை வாட் போட்டாலும் எடுபடாது. பொம்மைகள்தான் பேச வேண்டும்.

வேறு வெளிச்சம் கலக்கிறதா? வண்ண விளக்கை அணைத்துவிட்டு, பொம்மை நிற்கும் இடத்தில் ஒரு செய்தித்தாளைப் பிடியுங்கள். கொட்டை எழுத்துத் தலைப்பைப் படிக்க முடிகிறதென்றால் குற்றம் வண்ண விளக்கின்மேல் இல்லை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்.

- வாசல் விளக்கு. இதை அணைத்தால் "இந்த வீட்டில் மிட்டாய் இல்லை" என்று அர்த்தமாகிவிடும், பிள்ளைகள் தாண்டிப் போய்விடுவார்கள். எனவே அணைக்காமல், பல்பை மட்டும் ஆரஞ்சு எல்இடியாக மாற்றுங்கள். சில டாலர்தான், இந்தப் பட்டியலிலேயே மலிவான, பலன் மிகுந்த செலவு இதுதான். கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் விளக்கு என்றால், மூடிய கூண்டுக்குப் பொருந்தும் என்று பெட்டியில் போட்ட பல்பாகப் பாருங்கள். இல்லாவிட்டால் சூட்டில் சீக்கிரம் போய்விடும்.
- கராஜ் கதவின் இருபுறச் சுவர் விளக்கு. அணையுங்கள்.
- ஆள் நடமாட்டத்துக்கு எரியும் சென்சார் விளக்கு. ஒவ்வொரு பிள்ளை வரும்போதும் வெள்ளை வெளேரென்று எரிந்து எல்லாவற்றையும் கெடுக்கும். சுவிட்சை அணைத்து அப்படியே விடுங்கள். சட்டென்று அணைத்துப் போட்டால் பல சென்சார்கள் "எப்போதும் எரி" என்ற நிலைக்குப் போய்விடும்.
- வீட்டு ஜன்னல். திரையை இழுத்துவிட்டால் போதும்.
- தெருவிளக்கு. அதன்மேல் துணி கட்டுவதோ ஏறுவதோ கூடவே கூடாது; அது நகராட்சிக்கோ மின் நிறுவனத்துக்கோ சொந்தம். பொம்மைகளை மரத்தின், வேலிச்செடியின் நிழலுக்கு நகர்த்துங்கள். நகர்த்த இடமில்லை என்றால் நிறத்தை மாற்றுங்கள். தெருவிளக்கின் வெள்ளையில் முதலில் சாவது பிளாக் லைட் (புற ஊதா விளக்கு), அடுத்தது ஊதா. பச்சையும் ஆரஞ்சும் தாக்குப்பிடிக்கும்.

விளக்கு தூரத்தில் இருக்கிறதா? தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். 10 வாட் வண்ண ஃப்ளட் லைட்டைப் பொம்மையிலிருந்து 6 முதல் 10 அடிக்குள் வையுங்கள். 120 பாகை விரியும் விளக்கு என்றால் வெளிச்சத்தில் பெரும்பங்கு வானத்துக்கும் புல்லுக்கும்தான் போகும். ஒற்றைப் பொம்மைக்கு 30 அல்லது 40 பாகை ஸ்பாட் லைட் பாதி வாட்டிலேயே நன்றாக விழும்.

வெள்ளை விளக்கில் வண்ணத்தாள் ஒட்டியிருக்கிறீர்களா? வெள்ளை எல்இடியின்மேல் நீலத்தாள் ஓரளவு தேறும். சிவப்புத்தாள் தேறாது, ஏனென்றால் அந்த வெள்ளையில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. தாள் மற்ற நிறங்களைத் தடுத்தபின் மிஞ்சுவது மங்கலான மினுக்கம்தான். சிவப்பு எல்இடியே வாங்குங்கள். பழைய இழை ஃப்ளட் பல்பின்மேல் ஜிகினாத் தாளோ பிளாஸ்டிக்கோ கட்டாதீர்கள். உருகும், தீப்பற்றவும் செய்யும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் வாட் கூட்டுவது. இரண்டு மாடி வீட்டுச் சுவர் முழுக்க நிறம் பூச 30 அல்லது 50 வாட் வேண்டும்; புல்வெளிப் பொம்மைக்கு அது தேவையே இல்லை.

## வெளிச்சம் விழுகிறது, ஆனால் பொம்மை கருகிப்போன மாதிரி இருக்கிறது

விளக்கின் நிறமும் பொருளின் நிறமும் ஒத்துப்போகவில்லை. வேறு காரணம் தேட வேண்டாம். ரிமோட்டில் நிறம் மாறும் மலிவான ஃப்ளட் லைட் ஒன்றைச் சோதனைக்கென்றே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பொருளின்மேலும் ஐந்து நிறத்தை ஓடவிட்டுத் தெருவிலிருந்து பாருங்கள். பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

பூசணிக்காய் நீல வெளிச்சத்தில் கரிக்கட்டை. அதற்கு ஆரஞ்சோ மஞ்சளோ மட்டும்தான். செங்கல் சுவரும் அப்படியே: நீலத்தை விழுங்கிவிடும், சிவப்பையும் ஆரஞ்சையும் கொடுத்தால் தணல்போல் இருக்கும். வெள்ளை வினைல் சுவர் எந்த நிறத்தையும் வாங்கிக்கொள்ளும், அதிகமாகவே வாங்கிக்கொண்டு மற்றப் பொம்மைகளை மறைத்துவிடும். அங்கே வெளிச்சத்தைக் குறையுங்கள். சாம்பல் நிறத் தெர்மோகோல் கல்லறைப் பலகைக்கு நீலமும் பச்சையும் அச்சாகப் பொருந்தும். பாலேட்டு நிற பிளாஸ்டிக் எலும்புக்கூட்டுக்கு ஆரஞ்சு போட்டால் மரப்பொம்மை ஆகிவிடும். நீலம் போட்டால்தான் எலும்பு.

புல்தரை தனிக் கதை. பச்சை விளக்குப் பட்டால் தரையே எரிகிற மாதிரி மின்னும், பொம்மை அதில் அமுங்கிவிடும். சிவப்புப் பட்டால் புல் கறுத்துப் பின்வாங்கும். எலும்புக்கூடு மண்ணிலிருந்து எழுகிற காட்சிக்கு அந்தக் கறுப்பு நல்லது.

கருப்புத் துணிச் சூனியக்காரிமேல் எந்த நிறத்தை வீசினாலும் வீண். பின்னாலிருக்கும் சுவரில் ஊதாவையோ பச்சையையோ வீசுங்கள். உருவம் நிழலாக நிற்கும், தொப்பியின் கூர் தெளிவாகத் தெரியும்.

சிவப்பை முற்றம் முழுக்கப் பூசுவது ஆரம்பக்காரர் எல்லாரும் செய்யும் தவறு. மங்கலான இரவு வெளிச்சத்தில் நம் கண்ணுக்குச் சிவப்பு சீக்கிரம் கறுத்துப்போகும், நீலமும் பச்சையும் தங்கும். சிவப்பைச் சின்ன இடத்தில், கிட்டத்தில் வையுங்கள்: மண்டையோட்டின் கண்குழி, அண்டாவின் அடியில் தணல்.

## ஊதா ஊதாவாக இல்லை

கண்ணுக்குச் சரி, போனில் மட்டும் நீலம். கேமரா வெள்ளைச் சமநிலையைத் தானே மாற்றிக்கொள்கிறது. போனில் கையால் அமைக்கும் முறை இருந்தால் அதைப் பூட்டுங்கள்; இல்லையென்றால் திரையில் பிரகாசமான இடத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். விளக்கை மாற்றத் தேவையில்லை.

கண்ணுக்கே ரோஸாக இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலச் சில்லுகள் கலந்து நிறம் தரும் விளக்கில் சிவப்பு மிகுந்துவிட்டது. ரிமோட்டில் நீலத்துக்கு அடுத்துள்ள ஊதாப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். நாவற்பழ நிறத்துக்குக் கிட்ட ஒன்று கிடைக்கும். அளவு மாற்றும் வசதி இருந்தால் நீலத்தை முழுதாக வைத்துச் சிவப்பைப் பாதிக்கும் கீழே இறக்குங்கள்.

ஒரு சரம் கத்தரிப்பூ நிறம், பக்கத்துச் சரம் கருநீலம். இரண்டும் வெவ்வேறு தயாரிப்பு. "ஊதா" என்று பெட்டியில் போட்டிருப்பதற்கு ஒரே அளவுகோல் கிடையாது. ஒருசேரக் கண்ணில் படாத இரண்டு இடங்களுக்குப் பிரித்துப் போடுங்கள். அடுத்த ஆண்டு தேவையான அளவை ஒரே தயாரிப்பில் ஒரே தடவையில் வாங்குங்கள்.

அக்டோபரில் இரண்டு நிறத்துக்கு ஹாலோவீனைத் தாண்டியும் பொருள் உண்டு. ஊதா, குடும்ப வன்முறை விழிப்புணர்வு மாதத்தின் நிறம். வாசலில் மயில்கழுத்து நிறப் பூசணிக்காய் இருந்தால், உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு மிட்டாய் அல்லாத பொருளும் இங்கே கிடைக்கும் என்று பெற்றோர் படித்துக்கொள்வார்கள். 2014 முதல் நாடு முழுக்கப் பரவிய அடையாளம் அது. அந்த நிறத்தைப் பூசணிக்காய்மேல் பாய்ச்சினால் பென்சிலோ ஸ்டிக்கரோ கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

## பிளாக் லைட் எரிகிறது, எதுவும் ஒளிரவில்லை

முதலில் பக்கத்து விளக்குகளை அணையுங்கள். புற ஊதாவில் ஒளிர்வது மிக மென்மையான வெளிச்சம். ஒரு சாதாரண பல்பு அதை அழித்துவிடும்.

அணைத்தும் ஒளிரவில்லை என்றால் பொருளைச் சந்தேகியுங்கள். சலவைச் சோப்புத்தூளில் வெண்மை கூட்டும் சாயம் இருந்தால் அதில் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணி பளிச்சென்று நீலமாக ஒளிரும். கடையிலிருந்து வந்த பழுப்பு வலைத்துணி ஒளிராது. அந்தச் சோப்புத்தூளில் ஊறவைத்து, அலசாமல் காயவைத்தால் ஒளிரும். வெள்ளை பிளாஸ்டிக் எலும்புக்கூடு பல சமயம் ஒளிராது. பெயின்ட் டப்பாவில் "நியான்" என்று இருந்தால் மட்டும் போதாது, ஃப்ளூரசன்ட் என்று இருக்க வேண்டும். சாவிக்கொத்தில் மாட்டும் சின்ன புற ஊதா டார்ச் ஒன்றை எடுத்துப்போய்க் கடையிலேயே அடித்துப் பார்த்து வாங்குவது நல்லது. டானிக் வாட்டரில் க்வினைன் இருப்பதால் கண்ணாடி ஜாடியில் ஊற்றி வைத்தால் அதுவும் நீலமாக ஒளிரும்.

அதற்கும் மேலே என்றால் விளக்கு. மலிவானவை 395 நானோமீட்டரை ஒட்டியவை. ஒளிர்வோடு சேர்ந்து ஊதா வெளிச்சமும் கொட்டும், அதனால் எல்லாம் ஒரே ஊதாக் குழம்பாகத் தெரியும். 365 நானோமீட்டர் விளக்கில் அந்த ஊதா மிகக் குறைவு, ஒளிரும் பொருள் மட்டும் இருட்டில் மிதக்கும். விலை கூடுதல். எதுவானாலும் பிள்ளைகளின் கண்மட்டத்தில் நேராகப் பார்க்கும்படி வைக்காதீர்கள். உயரத்திலிருந்து கீழ்நோக்கியோ புதருக்குப் பின்னாலோ வையுங்கள்.

## எல்லாம் பிரகாசம், ஆனால் பயமே இல்லை

வெளிச்சம் முன்னாலிருந்து நேராக அடிக்கிறது. நிழல் இல்லாத இடத்தில் பயம் இருக்காது, பாஸ்போர்ட் போட்டோதான் இருக்கும்.

1. ஃப்ளட் லைட்டைத் தரையில், பொம்மைக்கு ஒருபுறமாக, ஏறக்குறைய 45 பாகை சாய்வில் வையுங்கள். கல்லறைப் பலகையின் செதுக்கல், விலா எலும்பின் இடைவெளி எல்லாம் அப்போதுதான் எழும்.
2. விளக்குகளில் பாதியை அணையுங்கள். இருட்டுத் திட்டுகள் இருக்க வேண்டும்.
3. நிறத்தை இரண்டாகக் குறையுங்கள். பின்னணிக்கு ஒன்று, கவனம் விழ வேண்டிய இடத்துக்கு ஒன்று. நீலப் பின்னணியில் ஆரஞ்சு லாந்தர், ஊதாச் சுவரின்முன் பச்சை அண்டா. மூன்றாவது நிறம் வந்தால் திருவிழாக் கடைத்தெரு மாதிரி ஆகிவிடும். பச்சையும் சிவப்பும் சேர்ந்தால் கிறிஸ்துமஸ் வந்துவிடும்.
4. நிறம் தானாக மாறும் ஓட்டத்தை நிறுத்துங்கள். மாறிக்கொண்டே இருக்கும் வெளிச்சத்தில் கண் எதையும் பிடித்துக்கொள்வதில்லை.

புகை போட்டும் தெரியவில்லையா? முன்னாலிருந்து வெளிச்சம் பட்டால் புகை வெளிறிய சுவராகி எல்லாவற்றையும் மறைக்கும். விளக்கைப் புகைக்குப் பின்னால் வைத்து, பார்ப்பவர் பக்கம் தாழ்வாக, நேரே கண்ணில் படாமல் திருப்புங்கள். விளக்கின் முன்னே ஒரு கல்லறைப் பலகையை நிறுத்தினால் அதன் விளிம்பிலிருந்து ஒளிக்கற்றைகள் கிளம்பும். நீலமும் பச்சையும் புகையில் நன்றாகத் தெரியும்.

விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு வேண்டுமென்றால் நடைபாதையை விட்டுத் தள்ளி, விநாடிக்கு மூன்று மின்னலுக்கும் குறைவாக வையுங்கள். அதற்குமேல் வேகம் கூடினால் வலிப்பு உள்ள சிலருக்கு ஆபத்து. சிவப்பும் நீலமும் மாறிமாறி மின்னுவதைத் தெருப்பக்கம் வைக்காதீர்கள். கார் ஓட்டுபவர் போலீஸ் வண்டி என்று நினைத்துப் பிரேக் போடுவார்.

## படியில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்

நீலமும் ஊதாவும் படியின் விளிம்பை மறைத்துவிடும். முகமூடி போட்ட பிள்ளைக்குக் கீழே பார்வையே கிடையாது. படிக்கும் நடைபாதைக்கும் மட்டும் இளமஞ்சள் வெளிச்சம், முழங்காலுக்குக் கீழே, தரையைப் பார்த்து. தாழ்வாக இருப்பதால் காட்சியைக் கெடுக்காது. எக்ஸ்டென்ஷன் கார்டு நடைபாதையைக் கடக்க வேண்டியிருந்தால் மேலே ரப்பர் மூடி போடுங்கள், அல்லது வேறு வழியாகச் சுற்றிக் கொண்டுபோங்கள்.

## தினமும் டைமர் போட்டதும் ஃப்ளட் லைட் வேறு நிறத்தில் எரிகிறது

விளக்குக்கு நினைவு வசதி இல்லை. டைமர் மின்சாரத்தை வெட்டியதும் நிறத்தை மறந்து, திரும்ப வரும்போது வெள்ளையிலோ நிறம் ஓடும் நிலையிலோ தொடங்குகிறது. சில அணைந்தே கிடக்கும். ரிமோட்டிலேயே டைமர் பொத்தான் இருந்தால் அதைப் பயன்படுத்தி, சுவர் டைமரை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் தினமும் ரிமோட்டோடு வெளியே போக வேண்டியதுதான். புதிதாக வாங்கும்போது பெட்டியில் "மெமரி" என்று இருக்கிறதா பாருங்கள், அல்லது ஒற்றை நிற விளக்கே வாங்குங்கள். மாற்றத் தேவையில்லாத இடத்துக்கு ஒற்றை நிறம்தான் மேல்: மலிவு, நிறமும் அழுத்தமாக இருக்கும்.

ஒரு பொத்தானுக்கு எல்லா விளக்கும் சேர்ந்து மாறினால் அது பழுதில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே குறியீடு. மாற்ற வேண்டியதைத் தவிர மற்றவற்றின் முகப்பை அட்டையால் மறைத்துக்கொண்டு அழுத்துங்கள். ரிமோட் வேலையே செய்யவில்லை என்றால் பேட்டரிப் பெட்டியில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் நாக்கு இன்னும் உருவப்படாமல் இருக்கலாம்.

## தானாக அணைகிறது, தானாக எரிகிறது

இருட்டினால் போடும் டைமரின் கண்ணில், அது போட்ட விளக்கே படுகிறது. எரிந்ததும் "விடிந்துவிட்டது" என்று அணைக்கும், அணைந்ததும் போடும். கண்ணை விளக்குக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள். திருப்ப வழியில்லை என்றால் மணிக்கணக்கு டைமருக்கு மாறுங்கள். தெருவிளக்குக்கு நேரே இருக்கும் டைமர் எரியவே எரியாது, காரணம் அதேதான்.

## சரம் முழுதும் எரியவில்லை, அல்லது பாதி எரியவில்லை

முழுதும்: பிளக் பாயிண்டில் வேறு விளக்கைச் செருகிப் பாருங்கள். அது எரிந்தால், சரத்தின் பிளக்கில் உள்ள சின்னக் கதவைத் தள்ளித் திறந்து உள்ளே இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். பெரும்பாலும் 3 ஆம்ப். மாற்று ஃபியூஸ் சரத்தோடு வரும் குட்டிப் பையில் இருக்கும். 3 ஆம்ப் போன இடத்தில் 5 ஆம்ப் போடாதீர்கள். மாற்றியதும் மறுபடி போனால், அளவுக்கு மேல் சரம் இணைத்திருக்கிறீர்கள்: 100 பல்பு உள்ள பழைய இழைச் சரம் ஒன்று ஏறக்குறைய 40 வாட், ஒன்றன்பின் ஒன்றாகப் பொதுவாக மூன்றுக்கு மேல் கூடாது. எல்இடி சரம் 5, 7 வாட்தான் என்பதால் அதிகம் இணைக்கலாம். எத்தனை என்பது பிளக் அருகே ஒட்டிய சீட்டில் இருக்கும். இழைச் சரத்தையும் எல்இடி சரத்தையும் ஒன்றோடொன்று கோக்காதீர்கள்.

பாதி: சரத்துக்குள் பல்புகள் பகுதி பகுதியாகத் தொடரில் இருக்கின்றன. ஒரு பகுதி செத்தால் அந்தப் பகுதியில் ஒரு பல்பு கழன்றிருக்கும், உடைந்திருக்கும், அல்லது கால்கம்பி துருப்பிடித்திருக்கும். பிளக்கை உருவிவிட்டு, இருண்ட பகுதியின் ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு பல்பையும் அழுத்திப் பாருங்கள். பச்சைப் பூத்த கால்கம்பியைச் சுரண்டிவிடுங்கள். பல்பு கழற்ற முடியாதபடி வார்த்த எல்இடி சரம் என்றால் நேரத்தை வீணாக்காமல் தூக்கிப்போடுங்கள். ஒயரின் தோல் உரிந்திருந்தால் டேப் சுற்றி வெளியே போடும் எண்ணமே வேண்டாம்.

## பிக்சல் சரம் முனையில் நிறம் மாறுகிறது

ஒவ்வொரு பல்பையும் தனித்தனியாக ஆட்டுவிக்கும் சரங்களுக்கு மட்டும் இது.

வெள்ளை போட்டால் கடைசியில் ஆரஞ்சாகச் சிவக்கிறதா? போகப் போக மின்னழுத்தம் இறங்குகிறது. நீலச் சில்லுக்கு அதிக அழுத்தம் வேண்டும், அது முதலில் மங்கும், சிவப்பு மிஞ்சும். பிரகாசத்தை 30 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். இரவில் அதுவே தாராளம். அப்படியும் சிவந்தால் 5 வோல்ட் சரத்துக்கு ஏறக்குறைய ஐம்பது பிக்சலுக்கு ஒருமுறை, 12 வோல்ட்டுக்கு நூறுக்கு ஒருமுறை மின்சாரத்தை மறுபடி ஊட்டுங்கள்.

பச்சை கேட்டால் சிவப்பு வருகிறதா? மென்பொருளில் நிற வரிசையை மாற்றுங்கள். குறிப்பிட்ட இடத்துக்கு அப்பால் எல்லாம் செத்துவிட்டதா? எரியும் கடைசிப் பிக்சல் அல்லது எரியாத முதல் பிக்சல், இரண்டில் ஒன்று கெட்டது. இரண்டையும் மாற்றுவது விரைவு. முதல் பிக்சலே கிறுக்குத்தனமாக மின்னினால் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் சரத்துக்கும் இடையே தரவு ஒயர் நீளம், அல்லது பொது எதிர்மின் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது.

## மழை பெய்தால் எல்லாம் அணைகிறது

"டெஸ்ட்", "ரீசெட்" என்று இரண்டு பொத்தான் உள்ள பிளக் பாயிண்ட் ஜிஎஃப்சிஐ. ஐந்து மில்லி ஆம்ப் அளவு மின்சாரம் வழிமாறிக் கசிந்தாலே வெட்டிவிடும். அது வெட்டினால் தொந்தரவு என்று நினைத்து ஒதுக்கிவிட்டு, வேறு பாயிண்டிலிருந்து கார்டு இழுக்காதீர்கள். அதன் வேலையே ஆளைக் காப்பது.

1. எல்லாவற்றையும் உருவுங்கள். கையும் காலும் ஈரமில்லாமல் ரீசெட்டை அழுத்துங்கள்.
2. ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகியதும் வெட்டுகிறதோ அதுதான் குற்றவாளி.
3. அந்த வரிசையில் புல்லில் கிடக்கும் இணைப்பைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் தண்ணீர். உலர்த்தி, ஒரு முளையில் தரையிலிருந்து அரையடி தூக்கிக் கட்டுங்கள், பிளக் வாய் கீழ்நோக்கி. பிளாஸ்டிக் பையில் சுற்றி டேப் ஒட்டினால் உள்ளே வேர்த்துத் தண்ணீர் தங்கும். இணைப்புக்கென்று விற்கும் மூடியை வாங்குங்கள்.
4. பாயிண்டுக்கு ஏறும் ஒயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு ஏற்றுங்கள், வழியும் தண்ணீர் கீழேயே சொட்டிவிடும்.
5. கார்டின் தோலில் "டபிள்யூ" என்ற எழுத்து இருக்க வேண்டும், வெளியே பயன்படுத்தலாம் என்பதற்கு அதுதான் அடையாளம். வீட்டுக்குள் பயன்படுத்தும் பழுப்புக் கார்டுகளில் அது இருக்காது.

வெளிப் பாயிண்டில் பொத்தானே இல்லை, மின்சாரமும் இல்லை என்றால் கராஜிலோ குளியலறையிலோ உள்ள ஜிஎஃப்சிஐயைத் தேடுங்கள். பழைய வீடுகளில் ஒன்றே பல பாயிண்டுகளைக் காக்கும். குளியலறையில் ரீசெட் அழுத்தினால் முற்றத்தில் எலும்புக்கூடு எழுந்து நிற்கும்.

## புகை இயந்திரம் போட்டதும் பிரேக்கர் விழுகிறது

இது கசிவு இல்லை, சுமை. 15 ஆம்ப் மின்சுற்றில் தொடர்ந்து 12 ஆம்புக்கு மேல், அதாவது 1440 வாட்டுக்கு மேல் ஓட்டக்கூடாது. எல்இடி விளக்குகள் அத்தனையும் சேர்ந்து பெரும்பாலும் 200 வாட்டைத் தாண்டாது. தின்பது புகை இயந்திரத்தின் சூடேற்றி: சின்னது 400 வாட், பெரியது 1000 வாட், அதாவது 8 ஆம்புக்கு மேல். இரண்டு பெரியவை ஒரே சுற்றில் ஓடவே ஓடாது. கராஜில் உள்ள ஃபிரிட்ஜும் அதே சுற்றில் இருக்கலாம். பிரேக்கரை அணைத்து எதெது நிற்கிறது என்று பாருங்கள். புகை இயந்திரத்தை வேறு சுற்றுக்கு மாற்றுங்கள். கார்டு மெலிதாக இருந்தால் சூடேறும்: 16 கேஜ் கார்டு 50 அடிக்கு 13 ஆம்ப், 100 அடிக்கு 10 ஆம்ப்தான். பெரிய இயந்திரத்துக்கு அதைவிடத் தடிமனான 14 கேஜ் எடுங்கள், சுருட்டி வைக்காமல் விரித்துப் போடுங்கள்.

உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய இடம்:

- எதுவும் செருகாமலே, பிரேக்கர் போட்ட நிலையிலும் ஜிஎஃப்சிஐ ரீசெட் ஆகவில்லை.
- எல்லாம் உருவியபின்னும் பிரேக்கர் விழுகிறது.
- பாயிண்ட் சுடுகிறது, பழுப்பு பாய்ந்திருக்கிறது, சடசடவென்று சத்தம், தீய்ந்த வாடை. பிரேக்கரை அணைத்துவிட்டுப் பிறகு போன் செய்யுங்கள்.
- இரும்புக் கைப்பிடியையோ ஈர ஒயரையோ தொட்டால் சுர்ரென்கிறது. மறுபடி தொட்டுச் சோதிக்க வேண்டாம்.
- வெளிப் பாயிண்டுக்கு எங்கேயும் ஜிஎஃப்சிஐ காவல் இல்லை. அவர் வரும்வரை ஜிஎஃப்சிஐ பொருத்திய எக்ஸ்டென்ஷன் கார்டு வழியாக மட்டும் ஓட்டுங்கள்.

வீட்டுக்குள் சில விளக்குகள் மங்கி, சில வழக்கத்துக்கு மேல் பிரகாசித்தால் காரணம் உங்கள் அலங்காரம் இல்லை; பொது நியூட்ரல் கம்பி தளர்ந்திருக்கலாம். மின் நிறுவனத்தின் அவசர எண்ணுக்கு அன்றே சொல்லுங்கள்.

## சோலார், பேட்டரி விளக்குகள் எட்டு மணிக்கே மங்குகின்றன

அக்டோபர் வெயில் சாய்ந்த வெயில், பகலும் குறைவு. ஜூலையில் இரவெல்லாம் எரிந்த சோலார் விளக்கு இப்போது இரண்டு மணி நேரம் தாங்கினால் பெரிது. தகட்டைத் துடைத்துத் தெற்கே திருப்புங்கள். உள்ளே இருக்கும் 1.2 வோல்ட் ரீசார்ஜ் பேட்டரி இரண்டு மூன்று வருஷத்துக்கு மேலானது என்றால் மாற்றுங்கள். முந்தின இரவில் தேவையில்லாமல் எரியாதபடி, 30-ஆம் தேதி சுவிட்சை அணைத்துச் சார்ஜ் ஆகவிட்டு 31 மாலை போடுவது செலவில்லாத வழி. ஆனால் அணைத்தால் சார்ஜும் ஏறாத மாடல்கள் உண்டு, ஒரு வாரம் முன்பே சோதியுங்கள்.

மின்னசோட்டா மாதிரிக் குளிர் ஊரில் பூசணிக்காய்க்குள் வைக்கும் பேட்டரி மெழுகுவர்த்தி மங்கினால், அது குளிரில் சோர்ந்த ஆல்கலைன். அதே அளவில் 1.5 வோல்ட் லித்தியம் போடுங்கள், உறைபனியிலும் இழுக்கும்.

ஆரஞ்சுச் சரங்களை மட்டும் அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். 2024-இல் தீபாவளியும் அக்டோபர் 31-ஆகவே வந்தது. நவம்பரில் தீபாவளி வரும் ஆண்டுகளில் அதே சரம் அப்படியே நிற்கலாம், எலும்புக்கூட்டை எடுத்துவிட்டால் போதும். பேட்டரி விளக்குகளில் இருந்து மட்டும் நவம்பர் 1 காலையிலேயே பேட்டரியைக் கழற்றுங்கள். அடுத்த அக்டோபரில் திறக்கும்போது வெள்ளைப் பொடி பூத்த ஸ்பிரிங் இருந்தால், வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவைத்தபின் புதியதைப் போடுங்கள்.